தலைமாட்டில் உட்கார்ந்து தேடும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், இரவெல்லாம் தேடிப் படித்ததைப் போனில் காட்டினார். 5 வருடத்துக்கு முன் என் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நான் தேடியதும் அதே சொற்களைத்தான். வாட்ஸ்அப் வைத்தியத்தை நம்பாதீர்கள் என்று சொல்ல நான் தேவையில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்கிற தவறுகள் வேறு.

நோயின் பெயரைத் தேடுவது

இனிக் குணப்படுத்த முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகும் நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் புது மருந்தும் ஆயுள் கணக்கும்தான் வரும். ராத்திரி 2 மணிக்கு அவை எதற்கும் உதவா. அன்றைய தொல்லையைத் தேடுங்கள்: வாய் வறண்டால் என்ன செய்வது, மூச்சு வாங்கினால் எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது. கூடவே ‘பாலியேட்டிவ் கேர்’ (குணமாக்க முடியாத நோயில் வலியையும் தொல்லையையும் குறைக்கும் பராமரிப்பு) என்று சேர்த்துப் போட்டால் வருகிற பக்கங்களே வேறாக இருக்கும்.

மார்பினைப் பற்றிப் படித்துவிட்டுத் தானாக முடிவெடுப்பது

இதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. அம்மாவுக்குப் புற்று எலும்பு வரை பரவியிருந்தது. வலிக்கு மார்பின் கொடுத்தார்கள், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து. 10 மில்லிகிராம் மாத்திரை, பகலில் 4 மணி நேரத்துக்கு ஒன்று, படுக்கும்போது இரண்டு. நாளுக்கு 6 வீதம் 14 நாளுக்கு 84 மாத்திரை கொடுத்தார்கள். அன்று இரவே தேடினேன். அடிமையாக்கும், மூச்சை நிறுத்தும், சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது என்றெல்லாம் வந்தது. மறுநாளிலிருந்து அம்மா முனகினால் மட்டும் கொடுத்தேன்.

10 நாள் கழித்து வந்த நர்ஸ், டப்பாவை ஒரு சில்வர் தட்டில் கவிழ்த்து, விரலால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். 51 இருந்தது. “24தான் இருக்க வேண்டும், தம்பி” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கூடுதலாக இருந்த அந்த 27 மாத்திரை, அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்த நேரத்தின் கணக்கு.

நான் படித்தது எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அமெரிக்காவில் வலி மாத்திரைக்கு அடிமையானவர்களைப் பற்றியது அது. நம் நாட்டுக் கதை நேர்மாறானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு வலியில் துடிப்பவர்களுக்கே மார்பின் கிடைப்பது அரிதானது. 2014 திருத்தத்தில்தான் விதிகள் எளிதாயின. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலி வந்த பிறகு துரத்துவதற்கல்ல, வராமல் பார்த்துக்கொள்ளத்தான் மணிக்கணக்கு. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் குறையாது, அதற்கான மருந்தைத் தினமும் கூடவே கொடுக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மிகவும் மெதுவானால் தேடிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

நித்தியகல்யாணி

அதிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக வாசலில் பூத்ததை அரைத்துக் கொடுக்காதீர்கள், விஷம்.

தூரத்தில் தேடுவது

சென்னை மருத்துவமனைகளின் பட்டியல் எல்லோர் போனிலும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் நர்ஸைப் பற்றி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரும் கேட்பதில்லை.

தேடியதை அழிக்காமல் விடுவது

அம்மா ஒரு நாள் சாயங்காலம் பாட்டுக் கேட்க வேண்டும் என்றார். போனைக் கையில் கொடுத்துவிட்டுக் கஞ்சி எடுக்க அடுப்படிக்குப் போனேன். ‘எ’ என்று தட்டியதும் என் பழைய தேடல் கீழே வந்து நின்றிருக்கிறது: எத்தனை நாள் உயிரோடு இருப்பார்.

திரும்பி வந்தபோது கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது?” என்றார்.