இலங்கையில் ஊர்ச் சாப்பாடு: பயணிகள் எதையெல்லாம் தவறவிடுகிறார்கள்?

இலங்கை சின்னத் தீவு, வடக்கிலிருந்து தெற்குக்குச் சுமார் 430 கிலோமீட்டர்தான். அதனால் எங்கே சாப்பிட்டாலும் ஒன்றுதான், கொழும்பிலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேருக்குக் கிடைக்கும். ஆனால் இலங்கையில் நல்ல சாப்பாடு ஊரை மட்டும் பொறுத்ததல்ல, நேரத்தையும் மாதத்தையும் பொறுத்தது. பெரும்பாலான தவறுகள் இதைக் கவனிக்காததால் வருகின்றன.

பகலெல்லாம் சுற்றிவிட்டு, இரவு எட்டு மணிக்குச் சின்னக் கடையில் நுழைந்து சோறும் கறியும் கேட்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அது மதியச் சாப்பாடு. பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, மீன், தேங்காய்ப்பூ போட்ட கீரைச் சுண்டல், துவையல் போன்ற சம்பல் என்று காலையிலேயே சமைத்து வைத்துவிடுவார்கள். 12 மணிக்குப் போனால் எல்லாம் இருக்கும்; 2 மணி தாண்டினால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். இரவு என்றால் அப்பம், இடியப்பம், கொத்து ரொட்டி. அப்பத்தைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலோடு சாப்பிடுங்கள். ஆறிப்போன அப்பத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தேநீர்க் கடையில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், மீன் பனிஸ் வந்தால் பதறித் திருப்பி அனுப்ப வேண்டாம். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. ஆனால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பது கூடாது. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் செய்யும் தவறு வேறு மாதிரி. ‘நம்ம சாப்பாடுதானே’ என்று தோசை, வடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணச் சமையலைத் தனியாகக் காட்டுவது பனைமரமும் கடலும். ஒடியல் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவை ஊறவைத்து, கசப்பு நீரை வடித்து, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் வெந்துகொண்டிருக்கும் பானையில் கரைத்து ஊற்றுவார்கள். புளியும் செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்) சேர்ந்து மூக்கில் நீர் வரவைக்கும். சொந்தபந்தம் கூடும் நாளில் பெரிய பானையில் வைத்து, பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிக்கிற பண்டம் இது. கடையில் போய் உட்கார்ந்ததும் வந்துவிடாது. தங்கும் வீட்டிலோ கடையிலோ முதல் நாளே சொல்லிவையுங்கள்.

மாதமும் முக்கியம். பனம்பழம் விழுகிற ஆடி, ஆவணியில் போனால் பனங்காய்ப் பணியாரம் கிடைக்கும். வேறு மாதத்தில் அதைத் தேடி அலைவதைவிட, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும் ஓலைக் குட்டானில் (சின்னப் பெட்டியில்) கட்டிய பனங்கட்டியும் (பனைவெல்லம்) வாங்குவது மேல்.

தயிர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பிளாஸ்டிக் கப்பில் வருவதைச் சாப்பிட்டுவிட்டு இலங்கைத் தயிர் சாப்பிட்டாயிற்று என்று சொல்லக் கூடாது. மட்டக்களப்புப் பக்கமும் தெற்கே திஸ்ஸமகாராமப் பக்கமும் சாலையோரத்தில் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரை அடுக்கி வைத்திருப்பார்கள். மண் நீரை உறிஞ்சிக்கொள்வதால் கரண்டி போட்டால் கட்டியாகவே பெயரும். அதன்மேல் ஊற்றும், கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுத்த கித்துள் பாணியைச் சீனி கலந்தும் விற்கிறார்கள். விலை மலிவு என்று பாட்டிலைத் தூக்கிவிடாமல், கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல பாணியில் இனிப்போடு லேசான புகைவாசம் இருக்கும்.

தென்கரையில் அம்புல் தியலைப் பார்த்துக் ‘கருகிப்போன மீன்’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கொறக்காப் புளியும் (குடம்புளி) மிளகும் அரைத்துப் பூசி, சட்டியில் நீர் வற்றும்வரை வேகவைத்த சூரை மீன் அது. அந்தப் புளிதான் கருப்பு நிறம் தருகிறது. குளிர்பெட்டி இல்லாமலே சில நாள் மீனைக் கெடாமல் வைப்பதும் அதுதான்.

அப்புறம், காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். பௌர்ணமி தோறும் வரும் போயா நாளில் மதுவும் இறைச்சியும் விற்கத் தடை. ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பல சிறு கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். அதே நாட்களில் யாராவது வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள், பாற்சோறும் அச்சு முறுக்கு போன்ற கொக்கீஸும் பலகாரத் தட்டோடு வரும். மே மாதத்தில் வரும் பௌத்தப் பண்டிகையான வெசாக்கில் சாலையோரத் தன்சல் பந்தல்களில் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு. வெளியூர்க்காரர் என்று தயங்காமல் வரிசையில் நில்லுங்கள்.