குறைந்த காசில் நல்ல சைக்கிள் ஹெல்மெட்: கொழும்பில் எதைப் பார்த்து வாங்குவது

ரோட் சைக்கிளுக்கும் லைட்டுக்கும் பூட்டுக்கும் செலவழித்து முடித்த பிறகு, கையில் மிஞ்சியிருக்கும் காசில்தான் பெரும்பாலானவர்கள் ஹெல்மெட் பார்க்கிறார்கள். அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை, தலையை ஒழுங்காகக் காப்பாற்றும் ஹெல்மெட் விலை கூடியதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளை ஆய்வகத்தில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுத்து வருகிறது, அந்தப் பட்டியலை யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். ஐந்து நட்சத்திரம் வாங்கியவற்றில் மலிவானவையும் பல இருக்கின்றன, அவற்றைவிட நாலைந்து மடங்கு விலையுள்ளவை சில அவற்றுக்குக் கீழே கிடக்கின்றன. விலை கூடக் கூட நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாரக் குறைவு, நல்ல காற்றோட்டம், வடிவான தோற்றம். ரேஸ் ஓடுபவருக்கு 80 கிராம் வித்தியாசம் பெரிய விஷயமாக இருக்கலாம், வெள்ளன எழும்பி மரைன் டிரைவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வேலைக்குப் போகிறவருக்கு அது தேவையே இல்லை.

சரி, கடைக்குப் போவோம். டாம் வீதிப் பக்கம் போனாலும் சரி, வேறெங்காவது பெரிய சைக்கிள் கடைக்குப் போனாலும் சரி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவுடன் தலையில் போடாமல் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டைகள் வெல்க்ரோவில்தான் ஒட்டியிருக்கும், ஒன்றை மெல்ல இழுத்தால் கழன்று வரும். அதற்குக் கீழேயோ பிடரிப் பக்கமோ ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் ஈஎன் 1078 என்று இருந்தால் அது ஐரோப்பியத் தரம், சிபிஎஸ்சி என்று இருந்தால் அமெரிக்கத் தரம், ஏஎஸ்/என்இசட்எஸ் 2063 என்றால் ஒஸ்ரேலியா, நியூசிலாந்து. ஜப்பானிலிருந்து வந்ததில் எஸ்ஜி முத்திரை இருக்கும். வெறுமனே சிஈ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உண்மையான ஈஎன் 1078 ஹெல்மெட்டில் செய்தவரின் பெயர், மொடல், எத்தனை சென்டிமீட்டர் தலைக்கு என்ற அளவு, எத்தனை கிராம் பாரம், எந்த ஆண்டு எந்தக் காலாண்டில் செய்தது என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். இவற்றில் பாதி இல்லாத ஸ்டிக்கர் என்றால் கடைக்காரர் "எல்லாம் ஒரே சாமான்தான் தம்பி" என்று எவ்வளவு சொன்னாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஒன்லைனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தொப்பி மாதிரி அழகாக இருக்கும் சிலவற்றை சைக்கிள் ஹெல்மெட் என்று போட்டு விற்கிறார்கள், விவரத்தைக் கீழே வரை படித்தால் ஈஎன் 812 என்றிருக்கும். அது தொழிற்சாலைக்குள் தாழ்வான குழாயில் தலை முட்டாமல் இருக்கப் போடுகிற தொப்பிக்கான தரம், வீதியில் விழுந்தால் அது காப்பாற்றாது.

அந்தத் தர எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஸ்டிக்கரின் மதிப்பு விளங்கும். ஈஎன் 1078 பரிசோதனையில் தலை வடிவம் ஒன்றுக்கு ஹெல்மெட்டை மாட்டி, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவிடுகிறார்கள். மோதும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 19.5 கிலோமீட்டர், உள்ளே இருக்கும் தலைக்குப் போகும் அதிர்வு 250 ஜீயை, அதாவது புவியீர்ப்பைப் போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் உயரம் 2 மீட்டர், எல்லை 300 ஜீ. இரண்டிலுமே வீதியோரக் கல்லின் விளிம்பைப் போன்ற ஒரு இரும்பிலும் மோதவிடுகிறார்கள், கொழும்பு-காலி வீதியின் ஓரத்தில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்குகிற எங்களுக்கு அது முக்கியமான பரிசோதனை. உள்ளே இருக்கும் ரிஜிபோம் என்ற இறுகிய நுரை நசுங்கி, அந்தச் சில மில்லிமீட்டருக்குள் தலையின் வேகத்தைக் குறைக்கிறது, வேலை செய்வது அதுதான். அதாவது இது சறுக்கி விழுவதற்கும், திடீரென்று திறந்த கார்க் கதவில் மோதி விழுவதற்கும் செய்த பொருள். வேகமாக வரும் வாகனம் நேரே மோதினால் எந்த விலை ஹெல்மெட்டாலும் உத்தரவாதம் தர முடியாது.

ஸ்டிக்கர் சரி என்றால் அடுத்தது அளவு, நேரம் முழுக்க இதற்கே கொடுங்கள். ஐந்து நட்சத்திர ஹெல்மெட் கூட நெற்றியிலிருந்து பின்னால் நழுவினால் பிரயோசனமில்லை. தையல்காரரின் டேப்பை எடுத்து, புருவத்துக்கு மேல் இரண்டு சென்டிமீட்டரில், பிடரியின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மீடியம் என்பது ஒரு கம்பெனிக்கு 55 முதல் 59, இன்னொரு கம்பெனிக்கு வேறு, எழுத்தைப் பார்க்காமல் சென்டிமீட்டரைப் பாருங்கள்.

போட்டுப் பார்க்கும்போது பின்னால் இருக்கும் டயலை முதலில் முழுதாகத் தளர்த்தி, ஹெல்மெட்டை மட்டமாக வைத்து, புருவத்துக்கும் அதன் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் தொப்பி போடுவது போலப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு காற்று வாங்குகிறார்கள், முகம் குப்புற விழுந்தால் நெற்றி அப்படியே தாரில் போய் அடிபடும். பிறகு டயலை இறுக்கி, நாடிப் பட்டியைப் பூட்டாமலே தலையை ஆட்டுங்கள். ஆடாமல் நின்றால் நல்லது. நெற்றியில் அழுத்தி நோகிறது, ஆனால் கன்னப்பொறிப் பக்கம் இடைவெளி இருக்கிறது என்றால் உங்கள் தலை நீளவாக்கு, ஹெல்மெட் வட்டம். பக்கங்களில் நெருக்கி முன்னும் பின்னும் ஆடினால் தலை வட்டம், ஹெல்மெட் நீளம். இரண்டையும் டயலால் திருத்த முடியாது, வேறு மொடல் எடுங்கள், வட்டத் தலைக்காரருக்கு ஏசியன் ஃபிட் என்று சில கம்பெனிகள் தனியாகச் செய்கின்றன. கடைசியாகப் பட்டி: காதுக்குக் கீழே இரண்டு வாரும் ஆங்கில வி எழுத்துப் போலச் சேர வேண்டும், நாடிக்கும் பட்டிக்கும் நடுவே ஒன்றிரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. வாயை நன்றாகத் திறந்தால் ஹெல்மெட் கீழே இழுபட்டு உச்சந்தலையை அழுத்துவது தெரிய வேண்டும். பின்விளிம்பில் கையை வைத்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள், கண்ணை மூடும் அளவுக்கு வந்தால் பின்வாரை இறுக்க வேண்டும். கொண்டை, பின்னல் போடுகிறவர்கள் ஓடும்போது எப்படி முடி கட்டுவார்களோ அப்படியே கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், ஹிஜாப் போடுபவர்களும் அதோடே அளந்து பாருங்கள்.

மிப்ஸ் என்று மஞ்சள் புள்ளி ஒட்டியதைக் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் காட்டுவார்கள். சுவீடனில் உருவானது அது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகரும், சரிந்து விழும்போது தலை சுழலும் வேகத்தைக் குறைப்பதற்காக. காசு இருந்தால் எடுக்கலாம், என் விருப்பமும் அதுதான். ஆனால் பொருந்தாத மிப்ஸுக்கும் பொருந்துகிற சாதாரண ஹெல்மெட்டுக்கும் இடையில் நின்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

எங்கள் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் காற்றோட்டம் வேண்டும். ஓட்டைகளின் எண்ணிக்கையை விட, முன் ஓட்டையிலிருந்து பின் ஓட்டை வரை உள்ளே வாய்க்கால் போலப் பள்ளம் ஓடுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் உருண்டையாக, வழவழப்பாக இருப்பது நல்லது, கூரான முனைகள் தாரில் மாட்டித் தலையைத் திருப்பிவிடும். நிறம் வெள்ளை, மஞ்சள். கறுப்பு வடிவுதான், பின்னேரம் மழை இருட்டில் பஸ் சாரதிக்குத் தெரியாது.

வீட்டில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கிடக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அதன் பாதுகாப்பில் குறையில்லை, ஆனால் இந்தப் புழுக்கத்தில் மிதித்துக்கொண்டு அதைப் போட்டிருக்க முடியாது, பின்னால் வரும் ஓட்டோவின் சத்தமும் சரியாகக் கேட்காது, இரண்டாம் நாளே வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள்.

பாவித்த ஹெல்மெட் மட்டும் வாங்காதீர்கள், ஜப்பான் பழைய சைக்கிளோடு சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ரிஜிபோம் ஒரு தடவைதான் நசுங்கும், நசுங்கினது வெளியே தெரியாமலும் இருக்கும். என் நண்பர் ஒருவர் மழை விட்ட கையோடு வெள்ளவத்தையில் பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சில் சறுக்கி விழுந்தார். வெளி ஓட்டில் ஒரு கீறல் மட்டும்தான், பஞ்சைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே முடி அகலத்தில் ஒரு வெடிப்பு, இடது காதுக்கு மேலிருந்து உச்சி வரை போயிருந்தது.

வாங்கிய பிறகு பராமரிப்பு லேசு. வியர்வையைத் தண்ணீரும் மெல்லிய சவர்க்காரமும் போட்டுக் கழுவி நிழலில் காயவிடுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், நுளம்பு ஸ்ப்ரேயைப் போட்டிருக்கும்போதே அடிக்காதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது அரிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். விழாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்குப் பிறகு மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள், வியர்வையும் கடற்காற்றும் பட்டு வார் நைந்து, கிளிப் இறுகியிருந்தால் அதற்கு முன்பே. மாற்றும்போது பழையதைக் குப்பையில் போடுவதற்கு முன் வார்களைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், அல்லது அதை யாராவது எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள்.