பத்தடி அறையில் துணிப் படப்பிடிப்பு: கேமராவுக்கு முன் வெளிச்சத்தை வாங்குங்கள்

மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் சயான் கோலிவாடாவிலும் வீட்டின் ஓர் அறையையே தையல்கூடமாகவும் கிடங்காகவும் வைத்துக்கொண்டு, குர்த்தியும் குழந்தைகள் உடையும் தைத்தோ, ஊரிலிருந்து சேலை வரவழைத்தோ இணையம் வழியாக விற்கிற தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். ஆனால், திரும்பி வரும் பொட்டலங்களில் வாடிக்கையாளர் அடிக்கடி எழுதும் குறை ‘படத்தில் பார்த்த நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு’ என்பது. அந்தக் குறையைத் தீர்ப்பது பெரும்பாலும் விளக்கு. கேமராவின் பங்கு அதற்கு அடுத்ததுதான். ஆகவே கையில் இருக்கும் தொகை எதுவானாலும், அதில் ஏறத்தாழப் பாதியை வெளிச்சத்துக்கும் டிரைபாடுக்கும் பின்னணிக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் கேமரா தேடுவதே சரியான வரிசை.

கேமராவின் மெகாபிக்சல் கணக்கு இந்தத் தொழிலில் வெகு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்ற அளவில், இருக்க வேண்டும். பொருள் சட்டத்தில் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கிடைக்கப் படத்தின் நீண்ட பக்கம் குறைந்தது 1000 பிக்சல் வேண்டும். பக்கத்துக்கு 2000 பிக்சல் கொண்ட சதுரப் படம்கூட 4 மெகாபிக்சல்தான். பத்தாண்டு பழைய 18 மெகாபிக்சல் கேமராவே இதற்குத் தாராளம். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் மட்டும் விற்பவருக்கு, இப்போதிருக்கும் நல்ல செல்பேசியே போதும். அகலக்கோண லென்ஸை விட்டு 2 மடங்கு லென்ஸில், இரண்டடி பின்னால் தள்ளி நின்று எடுத்தால் உடையின் அளவுகள் கோணாது. செல்பேசியின் உண்மையான தொல்லை, நம்மைக் கேட்காமலே அது நிறத்தை மெருகேற்றுவது. புரோ முறைக்குச் சென்று வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கும்.

இனி வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் இலவசம், அழகும்கூட. ஆனால் மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. காலையில் எடுத்த சேலை நீலம் பாய்ந்தும், மாலையில் எடுத்தது மங்கியும் இருக்கும். ஜன்னலோடு வீட்டு டியூப்லைட்டையும் சேர்த்துப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: துணியின் ஒரு பாதி ஒரு நிறத்திலும் மறுபாதி வேறு நிறத்திலும் விழும், எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய இயலாது. படம் எடுக்கும் நேரத்தில் ஒரே வகை வெளிச்சம் மட்டும் இருக்க வேண்டும். மற்றவற்றை அணைத்துவிட வேண்டும், ஜன்னலுக்குத் திரை போட வேண்டும்.

எல்.இ.டி. விளக்கு வாங்குவதானால் பெட்டியின் மேல் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்றும், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் நிற வெப்பநிலை 5600 கெல்வின் என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு பல்புகளில் பல சி.ஆர்.ஐ. 80-ஐ ஒட்டியவை, அவற்றின் கீழ் அரக்குச் சிவப்பும் மெரூனும் உயிரிழந்து தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரம் குறைந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் படத்தில் பட்டைகள் விழுவது குறையும். ஆனால் என்னைக் கேட்டால், மாடல் நடமாடும் படங்களுக்கு எல்.இ.டி.யைவிட, கோடாக்ஸ் டிடி600 போன்ற கைமுறை ஃபிளாஷ் இரண்டும், அவற்றை இயக்க ஒரு டிரிக்கரும், ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸும் வாங்குவதே மேல். அதே செலவில் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். துப்பட்டா பறந்தாலும் படம் கலங்காது. எல்.இ.டி.யின் ஆதாயம், விழும் நிழலை முன்கூட்டியே கண்ணால் பார்க்கலாம் என்பதும், அதைக் கொண்டே ரீல்ஸ் எடுக்கலாம் என்பதும். வீடியோவே முக்கியம் என்றால் அதையே வாங்குங்கள்.

விளக்கை எங்கே வைப்பது என்பது துணியைப் பொறுத்தது. பருத்தியின் நெசவும் எம்ப்ராய்டரியின் மேடும் தெரிய, பக்கவாட்டிலிருந்து ஒளி வர வேண்டும். பட்டும் ஜரிகையும் அப்படியல்ல. சிறிய விளக்கு பட்டால் ஜரிகை ஓரிடத்தில் வெள்ளையாக எரிந்து மற்ற இடத்தில் கறுத்துவிடும். அதற்குப் பெரிய, மெத்தென்ற ஒளிப்பரப்பு தேவை. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மெல்லிய வெள்ளைத் துணி சில மீட்டர் வாங்கி விளக்குக்கு முன் கட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். பாவும் ஊடையும் (நீள இழையும் குறுக்கிழையும்) இரு வேறு நிறமாக இருப்பதால் கோணத்துக்கேற்ப நிறம் மாறும் பட்டை ஒரே கோணத்தில் மட்டும் எடுத்து அனுப்புவது சண்டையை விலைக்கு வாங்குவதாகும். மடிப்பு மாற்றி இரண்டு படமாவது போட வேண்டும். எதிர்ப்பக்கம் நிழலை நிரப்ப இரண்டாம் விளக்குக்குப் பதில் ஒரு தெர்மாகோல் அட்டை போதும். சுவர் பச்சையோ ரோஸோ அடித்த வாடகை அறையில், அந்த நிறம் துணியில் ஏறாமலிருக்கச் சுவரில் வெள்ளைத் துணி தொங்கவிடுங்கள்.

லென்ஸ் விஷயத்தில் எல்லோரும் பரிந்துரைக்கும் 50 மி.மீ. மும்பை வீட்டுக்குப் பொருந்தாது. தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சாரில், தலை முதல் கால் வரை சிறிது இடம்விட்டு இரண்டு மீட்டர் உயரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 14 அடி தூரம் தேவை, 35 மி.மீ.க்கு 10 அடி, 24 மி.மீ.க்கு 7 அடி. மாடலுக்குப் பின்னால் நிழல் விழாதிருக்க மேலும் மூன்றடி விட வேண்டும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் இந்த அளவுகள் அனைத்தையும் கொண்டிருக்கிறது. ஒளி புகும் அதன் துளை சிறியது என்பதும் இங்கே குறையாகாது. உடை முழுவதும் துல்லியமாகத் தெரிய எஃப்/8 என்ற சிறிய துளையில்தானே எடுக்கப் போகிறோம். கேமராவை முகத்தின் உயரத்தில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் வைத்தால், குறுகிய தூரத்திலும் கால்கள் குட்டையாகத் தெரியா.

கேனன், நிக்கான் இரண்டும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால், கண்ணாடியுள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. கேனன் 700டி, 200டி, நிக்கான் டி5300 ஆகியவற்றின் திரை திருப்பக்கூடியது. தனியாளாக வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ‘டி’ குறியுள்ள பழைய லென்ஸிலும் அது இல்லை, மலிவாயிற்றே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வி.டி. (இன்றைய சி.எஸ்.எம்.டி.) ரயில் நிலையத்தை அடுத்த ஃபோர்ட் கடைகளில் பேரம் பேசும்போது, லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் செல்பேசி டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சார் தூசி தெரியும். தொடக்கநிலைக் கேமராக்களின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் சொடுக்குகளுக்குக் கணக்கிடப்பட்டது. நிக்கானில் அந்த எண்ணிக்கை படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். புதிதாக வாங்குவதானால், வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் பில்லில் தம் எண்ணைப் போடச் சொல்ல வேண்டும். கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் அந்தக் கழிவும் வராது, இந்திய வாரண்டியும் சந்தேகம்.

எஞ்சியவை சிறு செலவுகள்தாம், ஆனால் விட்டுவிடக் கூடாதவை. உறுதியான டிரைபாட் இருந்தால் நாற்பது குர்த்திகளும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் வரும். தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை விளக்கை நகர்த்திய பின்னும் சாம்பல்நிற அட்டையை ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு வொயிட் பேலன்ஸைப் பொருத்த வேண்டும். நெருக்கமான கட்டம், மெல்லிய கோடு போட்ட துணியில் வானவில் அலை போன்ற பொய்க்கோலம் எழுந்தால் கேமராவை அரையடி நகர்த்திப் பாருங்கள். ஒரு கார்மென்ட் ஸ்டீமர், விலையுயர்ந்த எந்த லென்ஸையும்விட உங்கள் படத்தை மேம்படுத்தும். மேலும் நல்ல லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால், அந்தேரியில் வாடகைக்குத் தரும் கடைகளில் ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வாங்கிய பொருளை மழைக்காலத்தில் அலமாரியிலோ தோல் பையிலோ பூட்டி வைக்காதீர்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டரும் போட்டு, முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, ஜெல்லின் நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போட்டால் போதும்.