பென்டிரைவ் எழுத மறுக்கிறதா? 777-ஐத் தொடும் முன் இதைப் படியுங்கள்

வியாசர்பாடி, கொடுங்கையூர், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பதும், போட்ட பிறகு வரும் சிக்கல்களைத் தீர்ப்பதும் என் வேலை. ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், கல்யாண வீடியோ எடிட் செய்யும் அறை என எங்கே போனாலும், லினக்ஸுக்குப் புதியவர்கள் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். வெளியிலிருந்து செருகும் டிரைவ்தான் அந்த இடம். "நேற்று வரை எழுதியது, இன்று மாட்டேன் என்கிறது" என்று ஆரம்பிப்பார்கள். கேபிள் தளர்ந்திருக்கிறதா, பாஸ்வேர்டைச் சரியாக அடித்தீர்களா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செய்தியைப் படிக்காமலே வைத்தியம் பார்ப்பது

திரையில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அதைப் படிக்காமல் மூடிவிட்டு, "பர்மிஷன் பிரச்சினை" என்கிறார்கள். அதில் வருவது எப்போதும் ஒரே வாசகம் இல்லை.

"பர்மிஷன் டினைடு" என்று வந்தால், டிரைவ் நன்றாக இருக்கிறது, அந்தக் கோப்பைத் தொடும் உரிமை உங்கள் பெயருக்கு இல்லை. "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால், எழுதவே விடாதபடி டிரைவ் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது. கணினியின் முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனர் வந்து கேட்டாலும் கிடைக்காது. "ஆபரேஷன் நாட் பர்மிட்டட்" என்று வந்தால், நீங்கள் கேட்ட செயலையே அந்த டிரைவின் ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, ஏற்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

வாசகத்தைப் படித்த பிறகு டெர்மினலில் மூன்று கட்டளைகள் போதும். டிரைவின் ஃபைல் சிஸ்டம் ஃபேட்32-ஆ, என்டிஎஃப்எஸ்-ஆ, இஎக்ஸ்டி4-ஆ என்று எல்எஸ்பிஎல்கே -எஃப் சொல்லும். அது ஆர்டபிள்யூ (படிக்க, எழுத) என மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது இணைந்திருக்கிறதா, ஆர்ஓ (படிக்க மட்டும்) என மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஃபைண்ட்எம்என்டி காட்டும். சூடோ டிமெஸ்ஜி கொடுத்தால் கடைசிச் சில வரிகளில் லினக்ஸின் மையமான கெர்னலே காரணத்தை எழுதி வைத்திருக்கும். இவற்றைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் 777

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தெரியாமல் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் எந்த டிரைவைப் பற்றிக் கேட்டாலும் "சூடோ சிஹெச்மோட் -ஆர் 777 போடு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான் கோபம். சூடோ என்றால் ரூட்டின் அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். சிஹெச்மோட் 777 என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று திறந்துவிடுவது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடியோ எடிட்டிங் அறை. ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க், என்டிஎஃப்எஸ். ஒரு கல்யாணத்தின் முகூர்த்தம், வரவேற்பு இரண்டும் அதில் இருந்தன. எடிட் செய்யும் தம்பி கேமரா கார்டுகளை விண்டோஸில் காப்பி செய்தார், ஷட் டவுன் கொடுத்தார், பிறகு லினக்ஸுக்கு வந்தார். டிஸ்க் திறந்தது. படம் ஓடியது. புதிதாக ஒரு கோப்புறை உருவாக்கப் போனால் ரீட்-ஒன்லி என்றது.

அவருக்கும் யாரோ அந்தக் கட்டளையைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் டிஸ்க்குக்குப் போட்டார், மாற்றம் இல்லை. ஒரு படி மேலே போய் மீடியா கோப்புறைக்குப் போட்டார். அதற்கும் மசியவில்லை என்றதும் ஒற்றைச் சாய்கோட்டுக்கே, அதாவது கணினி முழுவதற்கும், போட்டுவிட்டார். பிறகுதான் எனக்கு போன் வந்தது.

"அண்ணா, எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டேன். அப்போதும் எழுதவில்லை. இப்போது சூடோவும் வேலை செய்யவில்லை."

"அணைத்துவிடாதே தம்பி, அப்படியே வை" என்றேன். அதற்குள் ரீஸ்டார்ட் செய்திருந்தார். டெஸ்க்டாப் வரவில்லை.

இந்தக் கட்டளை டிஸ்க்கை ஏன் தொடவே இல்லை? லினக்ஸ் எழுதும் உரிமைக் குறிகளை வைத்துக்கொள்ள ஃபேட்32-இலும் எக்ஸ்ஃபேட்டிலும் இடமே கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸில் விண்டோஸ் முறையிலான அனுமதிகள் உண்டு. ஆனால் அதை லினக்ஸில் திறக்க உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருள் வழக்கமான நிலையில் சிஹெச்மோட் கட்டளையை வாங்கிக்கொண்டு, எதுவும் செய்யாமல், பிழைச் செய்தியும் காட்டாமல் விட்டுவிடும். இந்த டிஸ்க்கோ ரீட்-ஒன்லியாக மவுண்ட் ஆகியிருந்தது; அதில் சிஹெச்மோட் போட்டால் ரீட்-ஒன்லி என்ற பிழைதான் வரும். உண்மையில் அந்த டிஸ்க்கில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் -எல் போட்டால் முதலிலிருந்தே எல்லா வரிகளிலும் ஆர்டபிள்யூஎக்ஸ் (படிக்க, எழுத, இயக்க) மூன்று முறை இருக்கும், கோப்புறைப் பெயர்கள் பச்சைப் பின்னணியில் தெரியும். அவர் கொடுக்க நினைத்த 777 அங்கே ஏற்கெனவே இருந்தது.

நோய் வேறு இடத்தில். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுவதும் அணையாது. பாதியை உறக்கத்தில் வைத்துவிடும். அப்போது செருகியிருந்த டிஸ்க்கும் "இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது" என்ற குறியோடு நிற்கலாம். லினக்ஸ் அதைப் பார்த்து, எழுதினால் தரவு கெடும் என்று ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்கிறது. கணினி உங்கள் கல்யாணப் படங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதை எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். அதே டிஸ்க்கைச் செருகி விண்டோஸைத் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அல்லது ரீஸ்டார்ட் கொடுங்கள், அதில் இந்த அரை உறக்கம் கிடையாது. நிரந்தரமாக வேண்டுமானால் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள்.

மழைக்காலத்தில் மின்சாரம் போய், காப்பி பாதியில் நின்றாலும் இதே கதிதான். என்டிஎஃப்எஸ் டிஸ்க் என்றால் விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டுங்கள். ஃபேட்32 என்றால் அன்மவுண்ட் செய்துவிட்டு எஃப்எஸ்சிகே ஓட்டினால் போதும். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது சில பிழைகளைச் சரிசெய்யும், -டி சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குறியையும் நீக்கும், ஆனால் செக்டிஸ்க் செய்யும் முழுச் சோதனையைச் செய்யாது. எனவே முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்துக்கு எடுத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

சாய்கோட்டுக்குப் போட்ட 777 என்ன செய்தது? சாய்கோட்டை அழிக்கச் சொன்னால் ஆர்எம் கட்டளை மறுத்துவிடும். சிஹெச்மோட் மறுக்காது. சூடோவின் மேல் செட்யூஐடி என்றொரு குறி இருக்கிறது. சாதாரணப் பயனர் இயக்கினாலும் ரூட்டின் பலத்தோடு ஓடுவதற்கு அதுதான் காரணம். 777 அந்தக் குறியைத் துடைத்துவிட்டது. எஸ்யூவுக்கும், திரையில் பாஸ்வேர்டு கேட்டு வேலை செய்யும் பிகேஎக்ஸெக்குக்கும் அதே நிலைதான். யாருக்கு சூடோ உரிமை என்று எழுதி வைத்திருக்கும் சூடோயர்ஸ் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலை வந்தால், குறியைத் திரும்பப் போட்டாலும் சூடோ ஓட மறுக்கும். வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி எல்லோருக்கும் திறந்து கிடந்தால் எஸ்எஸ்ஹெச்சும் அதை ஏற்காது. ஒரு வீட்டின் பூட்டு சிக்கிக்கொண்டது என்பதற்காகத் தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் கழற்றி வைத்த கதை இது.

ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? கோப்புகளின் உள்ளடக்கம் மாறவில்லை, பதற வேண்டாம். கணினியை இன்னும் அணைக்கவில்லை என்றால் வேண்டியதை உடனே காப்பி எடுங்கள். அணைத்துவிட்டால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து ஹோம் கோப்புறையை எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்கவரி மோடில் ரூட் ஷெல் கிடைத்தால் சூடோவுக்கு 4755, சூடோயர்ஸ் கோப்புக்கு 440 என்று போட்டு சூடோவை மீட்கலாம். ஆனால் அது முதலுதவி மட்டுமே. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு முன்பு என்ன உரிமை இருந்தது என்பதை டெபியன், உபுண்டு, மிண்ட் எதுவும் ஒரே கட்டளையில் திருப்பித் தராது. அந்தத் தம்பிக்கு நான் சிஸ்டத்தை மறுபடியும் நிறுவித்தான் கொடுத்தேன். டிஸ்க் சரியாவதற்கோ விண்டோஸில் ஒரு ரீஸ்டார்ட் போதுமானதாக இருந்தது.

உண்மையிலேயே உரிமைதான் சிக்கல் என்றால் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். ஃபேட்32 பென்டிரைவை டெர்மினலில் சூடோ மவுண்ட் என்று நீங்களே இணைத்திருந்தால் எல்லாக் கோப்புகளும் ரூட் பெயரில் வரும். அன்மவுண்ட் செய்துவிட்டு ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்து திறங்கள், உங்கள் பெயரிலேயே வரும். இன்னொன்று இஎக்ஸ்டி4. இதில் உரிமை டிஸ்க்கோடு சேர்ந்தே பயணம் செய்யும், அதுவும் பெயராக இல்லாமல் எண்ணாக. உபுண்டு, மிண்ட், டெபியனில் முதல் பயனரின் எண் 1000. வீட்டுக் கணினியில் நீங்கள் 1000, அலுவலகக் கணினியில் 1001 என்றால் அங்கே அந்த டிஸ்க்கில் நீங்கள் அந்நியர். இஎக்ஸ்டி4-ஆகப் புதிதாக ஃபார்மட் செய்த டிஸ்க்கும் பல நேரம் ரூட் பெயரில்தான் இருக்கும். அந்த ஒரு மவுண்ட் கோப்புறைக்கு மட்டும் சிஹெச்ஓன் கட்டளையால் உரிமையாளரை மாற்றுங்கள். என்டர் அழுத்தும் முன் பாதையை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓர் இடைவெளி தவறி விழுந்தாலும் சாய்கோடு தனியாக நின்றுவிடும்.

சூடோ போட்டு ஃபைல் மேனேஜரைத் திறப்பது

அதில் நீங்கள் உருவாக்குவதெல்லாம் ரூட்டின் சொத்தாகிவிடும். மறுநாள் உங்கள் கோப்பை நீங்களே திருத்த முடியாது.

மென்பொருளின் வேலிக்காக டிரைவின் மேல் பழி போடுவது

ஃபைல் மேனேஜரில் படம் திறக்கிறது, எடிட்டரில் மட்டும் பர்மிஷன் டினைடு என்கிறதா? டிரைவை விடுங்கள், அந்த மென்பொருள் எப்படி நிறுவப்பட்டது என்று பாருங்கள். ஸ்னாப், ஃபிளாட்பேக் இரண்டும் மென்பொருளை வேலிக்குள் வைத்து ஓட்டுகின்றன. ஸ்னாப் என்றால் ரிமூவபிள்-மீடியா என்ற இணைப்பை ஸ்னாப் கனெக்ட் கட்டளையால் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கலாம். அந்த இணைப்பு மீடியா, ரன்-மீடியா, எம்என்டி கோப்புறைகளுக்கு மட்டுமே வழி விடும். வேறெங்கோ மவுண்ட் செய்திருந்தால் பயனில்லை. ஃபிளாட்பேக் என்றால் ஃபிளாட்சீல் என்ற சிறு மென்பொருளில் அந்தக் கோப்புறையைச் சேர்த்துவிடலாம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி. பென்டிரைவில் கொண்டுவந்த ஆப்இமேஜ் கோப்பை (நிறுவாமலே இயக்கக்கூடிய மென்பொருள்) அங்கிருந்தே இயக்கப் பார்ப்பது. ஃபேட்32 டிரைவை டெஸ்க்டாப் மவுண்ட் செய்யும்போது, பெயரின் முடிவு இஎக்ஸ்இ, காம், பேட் என்று இருக்கும் கோப்புகளுக்கு மட்டுமே இயக்கும் உரிமை தருகிறது. எத்தனை முறை சிஹெச்மோட் போட்டாலும் மாறாது. ஹோம் கோப்புறைக்குக் காப்பி செய்து அங்கே இயக்குங்கள்.

எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 என்று எழுதுவது

கணினி தொடங்கும்போது எந்த டிரைவை எங்கே இணைப்பது என்ற பட்டியல்தான் எஃப்எஸ்டேப். அதே டிரைவின் பெயர் இன்று எஸ்டிபி1, நாளை எஸ்டிசி1 ஆகலாம். டிரைவின் மாறாத அடையாளமான யுயுஐடியை எழுதுங்கள், நோஃபெயில் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் டிரைவ் செருகாத நாளில் கணினி 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நிற்கும்.

வெளியேற்றாமல் பிடுங்குவது

காப்பி பட்டை முடிந்தாலும் எழுதி முடிந்ததாக அர்த்தம் இல்லை.

சாகும் பென்டிரைவுக்கு அனுமதி கேட்பது

எஸ்டி கார்டு என்றால் முதலில் அதன் பக்கவாட்டில் உள்ள சிறிய பூட்டைப் பாருங்கள். கேமரா பையில் உரசியே அது கீழே இறங்கிவிடும். பூட்டே இல்லாத பென்டிரைவுக்கு டிமெஸ்ஜியில் "ரைட் புரொடெக்ட் இஸ் ஆன்" என்ற வரி வந்தால், பெரும்பாலும் அதன் சிப் தேய்ந்து தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. ஃபார்மட் செய்தும் திரும்பாது. நடைபாதையில் மலிவாக வாங்கிய 1 டிபி பென்டிரைவ் 30 ஜிபி தாண்டியதும் கோப்புகளைக் கெடுக்கிறது என்றால், எஃப்3 என்ற கருவியால் அதன் உண்மைக் கொள்ளளவைச் சோதியுங்கள். பென்டிரைவை நிரப்பிப் பார்த்துச் சொல்லும் முறை நேரம் எடுக்கும். இந்த இரண்டு நிலையிலும் படிக்க வருகிற கோப்புகளை அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, அந்த பென்டிரைவைத் தூக்கிப் போடுங்கள்.