“இந்தத் தவணை உங்களுக்குத் தாங்காது” என்று வங்கி சொன்னால் என்ன செய்வது?

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். மனிதர்களை அதிகம் நோகடிக்கிற மறுப்பு எது என்று கேட்டால், “உங்கள் வருமானத்துக்கு இந்தத் தவணை தாங்காது” என்பதைத்தான் சொல்வேன். ஆவணம் குறைகிறது என்றால் கொண்டுவந்து தந்துவிடுவார்கள். பழைய பாக்கி என்றால் அவர்களுக்கே காரணம் தெரியும். ஆனால் இந்த மறுப்பு, ஒரு தவணைகூடத் தவறாதவருக்கும் வரும்.

ஒருவர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் எதுவும் பேசவில்லை. மேசையில் பரப்பியிருந்த சம்பளச் சீட்டுகளை மாத வரிசையில் அடுக்கி, ஓரம் தட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். உறையின் பட்டனை அழுத்தி மூடிய பிறகுதான் வாயைத் திறந்தார்: “ஒரு மாசம்கூட நான் தவறினதில்லையே மேடம்.” அது உண்மைதான். அவருடைய கிரெடிட் ஸ்கோர் நன்றாகவே இருந்தது. ஆனால் ஸ்கோர் என்பது இதுவரை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கு. தாங்குமா என்ற கணக்கு, இனி மாதாமாதம் கையில் என்ன மிஞ்சும் என்பதற்கு. நான் சொன்னது இரண்டாவதைப் பற்றி. அவர் காதில் விழுந்தது, “உன்னை நம்ப முடியாது” என்று.

உங்களுக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும். அவமானமாக இருக்கும், கோபம் வரும். வரட்டும். அந்த மனநிலையில் கையெழுத்து மட்டும் எதிலும் போடாதீர்கள். அன்று மாலையே இன்னும் நாலு வங்கிக்கு விண்ணப்பித்தால் ஒவ்வொன்றும் உங்கள் கடன் அறிக்கையில், அதாவது உங்கள் பேரில் உள்ள கடன்களையும் விண்ணப்பங்களையும் காட்டும் அறிக்கையில், பதிவாகும். குறுகிய காலத்தில் அத்தனை விண்ணப்பங்களைப் பார்க்கிற அடுத்த அதிகாரி தயங்குவார். செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற கடனும், “முன்பணம் கட்டினால் வாங்கித் தருகிறேன்” என்று வருகிற தரகரும் பிடிப்பது இந்த நேரத்தில் இருப்பவர்களைத்தான். முன்பணம் கேட்டாலே விலகிவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள். கணவனிடமோ மனைவியிடமோ மறைத்துவிட்டு வெளியே கைமாற்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைப்பதுதான் பாரத்தைக் கூட்டுகிறது. “இந்தத் தொகைக்கு, இப்போதைக்கு ஆகவில்லை” என்று சொன்னால் போதும். நடந்ததும் அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இது சலுகை கேட்பது அல்ல. இந்தியாவில், விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007-இல் எல்லா வகைக் கடன்களுக்கும் விதியை விரிவாக்கியது. அமெரிக்காவிலும் காரணத்தைக் கேட்டுப் பெறச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்கும்போது மூன்று கேள்விகளாகக் கேளுங்கள்: என் வருமானமாக எந்தத் தொகையை எடுத்தீர்கள்? என் பேரில் என்னென்ன தவணைகளைக் கணக்கில் வைத்தீர்கள்? எவ்வளவு தொகை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எங்கள் கணினியில் அந்தப் பதில் பெரும்பாலும் இருக்கும்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வலி குறையும். கையில் வரும் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே 20 தவணைக்குப் போகிறது. புதுத் தவணை 35. மொத்தம் 55. அந்த வங்கியின் வரம்பு 50 என்றால், மறுப்பு வந்துவிடும். உங்கள் குணமோ குடும்பமோ அந்தக் கூட்டலில் எங்கேயும் இல்லை. வட்டி ஏறினாலும் தாங்குமா என்று பார்ப்பதற்காக, உண்மையான வட்டியைவிடக் கூடுதலாக வைத்துக் கணக்குப் போடும் வங்கிகளும் உண்டு. போனஸையும் ஓவர்டைமையும் பாதி மட்டும் எடுப்பார்கள், சில இடங்களில் அறவே எடுக்க மாட்டார்கள். சொந்தத் தொழில் என்றால் இரண்டு மூன்று வருடச் சராசரி. நல்ல வருடம் தனியாக எடுபடாது. நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் பாரமாகவே எண்ணப்படலாம். பயன்படுத்தாத கிரெடிட் கார்டின் வரம்பையும் ஓரளவு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனவே கடன் அறிக்கையை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அடைத்து முடித்த கடன் இன்னும் திறந்தே கிடந்தால் திருத்தச் சொல்லுங்கள். முடியும் தறுவாயில் உள்ள சின்னக் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். மேலே சொன்ன 20-இல் 8 குறைந்தால் மொத்தம் 47 ஆகிவிடும், அதே விண்ணப்பம் தேறும்.

தவணைக் காலத்தை நீட்டலாமே என்பார்கள். நீட்டலாம், ஆனால் விலை தெரிந்து நீட்டுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஒரு லட்சம் வாங்கினால், 5 வருடத்தில் மாதத் தவணை சுமார் 2,125. மொத்த வட்டி சுமார் 27,500. அதையே 7 வருடமாக்கினால் தவணை 1,660 ஆகக் குறையும். வட்டி சுமார் 39,450 ஆக ஏறும்.

சில சமயம் வங்கி சொல்வது சரியாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். கேட்ட கடனின் தவணை எவ்வளவோ அதைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். மூன்று மாதம், தொடாமல். இடையில் எடுக்க வேண்டி வந்தால் எந்தத் தேதியில், எதற்காக என்று குறித்துவையுங்கள். எவ்வளவு குறைத்துக் கேட்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். எடுக்காமலே மூன்று மாதமும் ஓடிவிட்டால், அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டை அடுத்த விண்ணப்பத்தோடு இணையுங்கள். சேர்ந்த பணத்தை வாங்கும் பொருளுக்கு உங்கள் பங்காகப் போட்டு, கடன் தொகையை அந்த அளவுக்குக் குறைத்தே கேளுங்கள்.