எஸ்டீம் எஞ்சினில் டர்போ: பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கொட்டகையில் டர்போ எஞ்சின் கட்ட நினைக்கும் பலர் முதலில் வாங்குவது டர்போவைத்தான். புகைவாயு ஒரு பக்கம் டர்பைனைச் சுழற்ற, மறுபக்கம் கம்ப்ரசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி அது. புதுப்பேட்டையில் மலிவாக ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. பிறகு அதற்கேற்ற மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அலைகிறார்கள். போல்ட் துளைகள் ஒத்துப்போய்விட்டால் பாகம் பொருந்திவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஓர் எண்: எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை கிலோ காற்றை விழுங்கப்போகிறது என்பது. டர்போ முதல் கிளட்ச் வரை எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

பழைய மாருதி எஸ்டீமின் 1298 சிசி, 16 வால்வு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பந்தயக்காரர்கள் நன்கறிந்த எஞ்சின் அது. டர்போ இல்லாமல் 85 குதிரைத்திறன் தரும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே 6500 சுற்றில், 85 சதவீதம் நிரம்புகிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3590 லிட்டர் காற்று உள்ளே போகும். 0.6 பார் பூஸ்ட் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கூடும் அழுத்தம்) கொடுத்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 50 டிகிரியில் இருந்தால், அதன் எடை கிட்டத்தட்ட 6.2 கிலோ. இது 130 குதிரைத்திறனுக்குப் போதுமான காற்று. காற்றுவடிகட்டியிலும் இன்டர்கூலரிலும் ஏற்படும் அழுத்த இழப்பைச் சேர்த்தால், கம்ப்ரசர் உள்வாங்கும் அழுத்தத்தைப் போல் சுமார் 1.75 மடங்கு அழுத்தத்தை வெளியே தர வேண்டியிருக்கும். இந்த இரண்டு எண்களையும், எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தரும் என்று காட்டும் கம்ப்ரசர் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், விற்பவர் சொல்லும் புகழுரை எதுவும் தேவைப்படாது.

வரைபடம் பார்க்காமல் பெரிய டர்போவை மாட்டுபவர்கள் ஒரு வகை. நிமிடத்துக்கு 14 கிலோ தரக்கூடிய கம்ப்ரசரை இந்த எஞ்சினில் வைத்தால் அதில் பாதிகூடப் பயன்படாது. பூஸ்ட் வருவதற்குள் 4500 சுற்று ஆகிவிடும். மிச்சமிருக்கும் இரண்டாயிரம் சுற்றுக்காகவா இத்தனை செலவு?

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதற்கு நேர்மாறான தவறு. டீசல் ஸ்விஃப்டும் 1.3 லிட்டர், எஸ்டீமும் 1.3 லிட்டர், ஆகவே அந்த டர்போ இதற்குச் சரியாக இருக்கும் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத் தோன்றினாலும், அந்த 75 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் 4000 சுற்றுக்கருகில் தன் உச்சத் திறனைத் தொட்டுவிடுகிறது. அதற்கு நிமிடத்துக்கு 5 கிலோ காற்றுக்கு மேல் தேவைப்படாது. நமக்கு வேண்டியதோ 6.2 கிலோ. மேல் சுற்றுகளில் சின்ன டர்பைன் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, வெளியேற முடியாத சூடான வாயு சிலிண்டருக்குள்ளேயே தங்கி நாக்கிங்கை, அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பதைத் தூண்டும். இன்னொன்று, டீசல் எஞ்சினின் புகைவாயு பெரும்பாலும் 800 டிகிரிக்குள் இருக்கும். முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் எஞ்சின் 900, 950 டிகிரியைத் தொடும். டீசலுக்கென்று வார்த்த டர்பைன் கூடு அந்தச் சூட்டில் நாளடைவில் விரிசல் விடும்.

எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் அதே 6.2 கிலோதான் அடிப்படை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பூஸ்டில் பாதுகாப்புக்காகச் சற்றுச் செறிவாக, 10.8 என்ற காற்று-எரிபொருள் விகிதத்தில் வைத்தால், நிமிடத்துக்கு 575 கிராம், ஒரு சிலிண்டருக்கு 190 சிசி எரிபொருள் தேவை. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 240 சிசி என்பது குறைந்தபட்ச அளவு. 280 சிசி வாங்குவது விவேகம். எரிபொருள் ரெகுலேட்டருக்கு, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் குழாய் வராவிட்டால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும்: எரிபொருள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாயில்) 3 பார் இருந்தாலும் எதிரே 0.6 பார் தள்ளுவதால், இன்ஜெக்டர் தன் அளவில் 10 சதவீதத்துக்கும் மேல் இழந்துவிடும், அதுவும் மிக அதிகமாகத் தேவைப்படும் தருணத்தில். வாங்குமுன் மல்ட்டிமீட்டரில் மின்தடையையும் பாருங்கள். பழைய பெரிய இன்ஜெக்டர்கள் சில 2, 3 ஓம்தான் காட்டும். 12 ஓமுக்கு மேல் எதிர்பார்க்கும் ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) அவற்றை இணைத்தால் அதன் இன்ஜெக்டர் டிரைவர் சர்க்யூட் கருகும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் கம்பெனி மேப் சென்சரும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் பெரிதாக எதையும் படிக்காது. ஆகவே இரண்டு பார் அல்லது அதற்கு மேற்பட்ட சென்சரும், அதைப் புரிந்துகொள்ளும் தனி ஈசியூவும் இல்லாமல் பெரிய இன்ஜெக்டர் வாங்குவதில் பொருளில்லை.

கம்ப்ரஷனைக் குறைக்க, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இரட்டை ஹெட் கேஸ்கெட் போடும் பழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கம்ப்ரஷன் விகிதம் 9.5 என்று வைத்துக்கொண்டு அதை 8.5 ஆக்க வேண்டுமானால், ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 சிசி இடம் கூட்ட வேண்டும். 74 மில்லிமீட்டர் விட்டத்தில் அதற்கு 1.2 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் தேவை. ஆனால் பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஒரு மில்லிமீட்டர் அளவிலான இடுக்குதான் கலவையை நடுவே பிதுக்கித் தள்ளிக் கலக்குகிறது. அந்த இடுக்கை இருமடங்கு ஆக்கினால் எரிதல் மந்தமாகி, எதைத் தடுக்க நினைத்தோமோ அந்த நாக்கிங்கே எளிதாக வரும். மேலே குழிவுள்ள பிஸ்டன்தான் சரியான வழி. அதற்குப் பணமில்லை என்றால் பூஸ்டை 0.4 பாரில் நிறுத்திக்கொள்வது அதைவிட மலிவான வழி.

நல்ல ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கிவிட்டு ரிங் இடைவெளியைக் கம்பெனி அளவிலேயே விடுவதும் உண்டு. பூஸ்டில் ரிங் கூடுதலாகச் சூடேறி நீளும். இரு முனைகளும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் ரிங் வரப்பே உடைந்துவிடும், பழி பிஸ்டன் மேல் விழும். சிலிண்டர் விட்டத்தில் 0.0045 மடங்கு, அதாவது இந்த எஞ்சினுக்கு 0.33 மில்லிமீட்டர் அளவில் அரத்தால் தேய்த்துக்கொள்வது வழக்கம். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டை வேகமாகக் கடத்தும் ரகம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் என்ஜிகேவில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் எண் குறைந்தால் குளிர்ந்த பிளக் என்பதைக் கவனிக்காமல், தலைகீழாகப் புரிந்துகொண்டு சூடான ரகத்தை மாட்டி பிஸ்டனில் ஓட்டை போட்டவர்களும் இருக்கிறார்கள். கிளட்சைப் பொறுத்தவரை குதிரைத்திறனைப் பார்க்காமல் டார்க்கை, அதாவது முறுக்குவிசையைப் பார்த்து வாங்குங்கள். பூஸ்ட் ஏறும் நடுச் சுற்றுகளில்தான் அது வழுக்கும்.

இப்படிக் கட்டிய காரைப் பொதுச் சாலையில் ஓட்டலாம் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத்தடங்கள்தான் இதற்கான இடம்.

யாரும் ஒரு பாகமாகவே கருதாத எண்ணெய்க் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் பேரிங் டர்போவுக்கு உள்ளே போகும் எண்ணெயை ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளையால் கட்டுப்படுத்த வேண்டும். சாதாரண புஷ் வகைக்கு அது பொதுவாகத் தேவையில்லை. வெளியே வரும் குழாயோ அகலமாக, மடிப்பின்றிக் கீழ்நோக்கி இறங்க வேண்டும், ஏனென்றால் டர்போவைத் தாண்டிய எண்ணெய்க்கு அழுத்தம் கிடையாது, அது நுரைத்த மோர்போலத் தானாக வழிந்துதான் இறங்கும். நான் முதலில் கட்டிய எஞ்சினில் 8 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்றை, கையில் இருந்தது என்பதற்காக, திரும்பும் குழாயாகப் போட்டிருந்தேன். ஐடிலில் நீலப் புகை கக்கியது. சீல் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு இன்னொரு டர்போ வாங்கினேன், அதுவும் புகைந்தது. பிறகு 16 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி, சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில்) எண்ணெய் மட்டத்துக்கு மேலே ஒரு இணைப்பை வெல்டு செய்து பழைய டர்போவையே திரும்ப மாட்டியபோது, புகை முற்றிலும் நின்றுவிட்டது.