வேலூர்ல இருந்து ஃபிளைட் புடிக்கறவங்க நேரக் கணக்குல பண்ற தப்புங்க

வேலூர்ல வண்டி ஓட்றேன், பாதி பொழப்பு சென்னை ஏர்போர்ட் சவாரி தான். புதுசா வண்டி எடுத்த பசங்க, நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்ப பண்ணிட்டு பார்ட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு நிக்கறத பாத்தா மனசு கேக்கல, அதான் எழுதறேன். ஐடி கார்டு எடுத்துக்கோங்க மாதிரி விஷயத்துக்கெல்லாம் போகல.

ராத்திரி மேப் பாத்துட்டு காலைல கிளம்பறது

இத நெனச்சா இன்னிக்கும் எரிச்சல் வரும். குடியாத்தத்துல இருந்து ஒரு குடும்பம், அஞ்சு பேரு, டெல்லிக்கு காலைல 10 மணி ஃபிளைட். பையன் முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு மேப் பாத்துட்டு "அண்ணா, மூணு மணி நேரம் தான் காட்டுது, அஞ்சரைக்கு வந்தா போதும்"னான், நானும் சரின்னுட்டேன், அது என் தப்பு. காஞ்சிபுரம் கிட்ட ரோடு வேலைன்னு திருப்பி விட்டாங்க, ஸ்ரீபெரும்புதூர்ல ஷிப்டுக்கு போற கம்பெனி பஸ்ஸுங்க வரிசை, அத தாண்டி போரூர்ல நின்னது நின்னது தான். உள்ள போறப்ப 9:10. உள்ளூர் ஃபிளைட்டுக்கு 60 நிமிஷம் முன்னாடியே செக்-இன் கவுன்டர் மூடிடுவாங்க, பெரிய பெட்டி வேற, யாரும் வாங்கல. பாட்டிம்மா ஒயர் கூடைல புளிசாதம் கட்டினு வந்திருந்தாங்க, அத மடில வச்சிக்கினு பெட்டி மேலயே உக்காந்துட்டாங்க. அஞ்சு டிக்கெட்டும் அன்னிக்கு ரேட்ல மறுபடி எடுத்தாங்க.

கணக்க பின்னாடில இருந்து போடுங்க. 10 மணி ஃபிளைட்னா 9 மணிக்கு கவுன்டர் மூடும், 8 மணிக்கு நீங்க வாசல்ல இருக்கணும், அப்போ வேலூர்ல வண்டி 4 மணிக்கு நகரணும், குடியாத்தம்னா இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி. மேப்ல பாக்கறதா இருந்தா 'கிளம்பற நேரம்'னு ஒன்னு இருக்கு, அதுல நாளையும் மணியையும் போட்டு பாருங்க, அது 'இவ்ளோல இருந்து இவ்ளோ வரைக்கும் ஆகும்'னு ரெண்டு நேரம் குடுக்கும், அதுல பெருச எடுத்துக்கோங்க.

நேர்கோட்டு தூரத்த ரோட்டு தூரம்னு நம்பறது

சென்னை–பெங்களூர் எவ்ளோன்னு தேடினா சில இடத்துல 290 கி.மீ. வரும், அது வானத்துல நேரா போற தூரம். ரோட்ல 350 கிட்ட. சென்னை–டெல்லி வானத்துல 1,760, ரோட்ல 2,200 ஆயிடும். மலை, ஏரி, ஊரு எல்லாத்தையும் சுத்தி தான ரோடு போகுது, நேர்கோட்டு தூரத்தோட அஞ்சுல ஒரு பங்காவது சேத்துக்கோங்க.

பெங்களூருக்கு ஃபிளைட்

வேணாம். வீட்ல இருந்து 210 கி.மீ., கார்ல நாலு மணி நேரம். சென்னை ஏர்போர்ட் வாசலுக்கு போறதுக்கே கிட்டத்தட்ட அவ்ளோ ஆயிடும்.

டிக்கெட் கம்மின்னு பெங்களூர்ல இறங்கறது

கொல்கத்தால இருந்து இங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க நெறைய பேரு இத பண்றாங்க. அந்த ஏர்போர்ட் பெங்களூர்லயே இல்லீங்க, ஊருக்கு வடக்க தேவனஹள்ளி பக்கம் இருக்கு, அங்கருந்து வேலூர் 200 கி.மீ.க்கு மேல. உடம்பு முடியாதவங்கள வச்சிக்கினு அவ்ளோ தூரம் ரோட்ல வராதீங்க, சென்னைலயே இறங்குங்க.

ரயில கணக்குல சேக்காதது

காட்பாடில ஏறினா ரெண்டு மணி நேரம் சொச்சத்துல சென்ட்ரல், அங்கயே மெட்ரோ புடிச்சா மாறாம ஏர்போர்ட் வாசல்ல இறங்கலாம். மதியம், சாயங்காலம் ஃபிளைட், பெட்டி கம்மின்னா என் சவாரி போனாலும் பரவால்லன்னு இததான் சொல்லி அனுப்பறேன்.